கணினி போர்டு கிட் வாங்குவதும் கட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசட்80, 6502 மாதிரியான பழைய 8 பிட் செயலிகளை வைத்து நாமே சால்டர் செய்து (பாகங்களைப் பற்றவைத்து) கட்டும் கணினி கிட்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தொகுத்தேன். ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தும் சிறு கடைகளில் வாங்கும் கிட்களை மனதில் வைத்துத்தான் பதில்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. கிட் வாங்கினா பெட்டியில என்னதான் வரும்?

மூன்று வகை உண்டு. முதலாவது வெறும் போர்டு: பிசிபி (செம்புத் தடங்கள் அச்சிட்ட பலகை) மட்டும் வரும், பாகங்களை நீங்களே தேடி வாங்க வேண்டும். இரண்டாவது பாதி கிட்: போர்டுடன் கிடைப்பதற்கு அரிதான சில பாகங்கள், நிரல் ஏற்றிய ரோம் சிப் ஆகியவை வரும். மூன்றாவது முழு கிட்: ரெசிஸ்டர் முதல் செயலி வரை எல்லாம் இருக்கும். ஒரே பெயரில் மூன்றையும் விற்பார்கள். படத்தில் கட்டி முடித்த போர்டு பளபளவென்று இருக்கும், விலையோ வெறும் போர்டுக்கானதாக இருக்கும். அதனால் படத்தைப் பார்க்காமல் பாகப் பட்டியலைப் படியுங்கள்.

முழு கிட் என்றாலும் சில பொருட்கள் பெரும்பாலும் வராது: பவர் அடாப்டர், யூஎஸ்பி சீரியல் கேபிள், மெமரி கார்டு, பேக்கப் பேட்டரி. பேட்டரியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் அதை விட்டுவிடுகிறார்கள்.

2. எனக்கு எலக்ட்ரானிக்ஸே தெரியாது. நான் செய்ய முடியுமா?

முடியும். கட்டுவதற்குத் தேவை பொறுமையும் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும்தான். ஆனால் முதன்முதலாக அயர்னைப் பிடிக்கும் நாளில் நாற்பது கால் செயலி சாக்கெட்டில் கை வைக்க வேண்டாம். எல்இடி மினுக்கும் சின்ன கிட் ஒன்றையோ, ஓட்டை போட்ட வெற்று போர்டில் பழைய ரெசிஸ்டர்களையோ சால்டர் செய்து பழகுங்கள். ஒரு மாலை போதும், கைக்குப் பிடிபட்டுவிடும்.

3. ராஸ்பெர்ரி பை இருக்கும்போது இந்தப் பழைய 8 பிட் எதுக்கு?

வேகத்துக்காகவோ பயனுக்காகவோ வாங்குவதென்றால் வேண்டாம், ராஸ்பெர்ரி பையே வாங்குங்கள். இந்த கிட்டின் பலன் வேறு. இதில் முகவரிக் கம்பி பதினாறு, தரவுக் கம்பி எட்டு. செயலி எந்த முகவரியைக் கேட்கிறது, எந்த சிப் பதில் சொல்கிறது என்பதை மல்டிமீட்டரும், கம்பியில் சமிக்ஞை உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று காட்டும் லாஜிக் புரோபும் வைத்தே பின்தொடரலாம். ஒரு கணினி முழுவதையும் ஒரு மனிதர் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிகிற அளவு இது. அந்த அனுபவத்தை இன்றைய கணினி எதுவும் தராது.

தனியாள் கணினியின் தொடக்கமே இப்படித்தான். 1975-இல் வந்த ஆல்டேர் 8800 கிட்டாகவே விற்கப்பட்டது, அடிப்படை மாதிரியில் நினைவகம் 256 பைட்தான். 1976-இல் வந்த ஆப்பிள் 1, பாகங்கள் பொருத்திய போர்டாக மட்டும் வந்தது; பெட்டி, விசைப்பலகை, பவர் எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. 1981-இல் சின்க்ளேரின் இசட்எக்ஸ்81-ஐயும் கிட்டாக வாங்க முடிந்தது.

4. முதல் கிட்டுக்கு இசட்80 நல்லதா, 6502 நல்லதா?

இரண்டுமே நல்லவைதான். சிபி/எம் இயங்குதளமும் அதில் ஓடிய பழைய மென்பொருளும் வேண்டும் என்றால் இசட்80. ஆப்பிள் 2, கொமடோர் 64 பக்கம் ஈர்ப்பு இருந்தால் 6502 குடும்பம். கட்டளைத் தொகுதி சிறியது என்பதால் அசெம்பிளி கற்க 6502 சற்று எளிது என்பது என் கருத்து.

ஆனால் செயலியை விட வழிகாட்டிக் கையேட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒவ்வொரு படிக்கும் படம், சுற்று வரைபடம், கட்டி முடித்ததும் திரையில் என்ன வர வேண்டும் என்ற குறிப்பு, வேலை செய்யாவிட்டால் எங்கே பார்ப்பது என்ற பகுதி, இவ்வளவும் உள்ள எளிய கிட், கையேடே இல்லாத பிரமாதமான கிட்டை விட எத்தனையோ மேல். ஆர்சி2014 போன்ற இசட்80 கிட் வரிசைகள் இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்ததற்குப் பிரித்துப் பிரித்துக் கட்டும் அமைப்பும் நல்ல ஆவணங்களும் முக்கியமான காரணம்.

5. வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட என்ன கேக்கணும்?

இவற்றைக் கேளுங்கள்: இப்போது அனுப்பும் போர்டு எந்தப் பதிப்பு, அந்தப் பதிப்பில் தெரிந்த பிழை ஏதும் உண்டா, ரோமில் நிரல் ஏற்றித் தருவீர்களா, சிப்கள் புதியவையா பழைய போர்டிலிருந்து எடுத்தவையா, பரப்பில் ஒட்டும் சிறு பாகங்கள் இருந்தால் அவற்றை நீங்களே பொருத்தித் தருவீர்களா. பழைய போர்டிலிருந்து எடுத்த சிப் என்பதாலேயே மோசம் என்று இல்லை. சோதித்து அனுப்புகிறாரா என்பதுதான் கேள்வி.

போர்டில் பிழை இருப்பதை வெளிப்படையாக எழுதி, எந்தத் தடத்தை வெட்டி எங்கே ஒரு கம்பி இழுக்க வேண்டும் என்று சொல்லும் விற்பனையாளரைத் தைரியமாக நம்பலாம். முதல் பதிப்பில் பிழை வருவது இயல்பு. மறைப்பதுதான் கெட்ட அறிகுறி.

6. ஆர்டர் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கடைகளை நடத்துபவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. இரவில் உட்கார்ந்து ரெசிஸ்டர்களை எண்ணிப் பைகளில் போட்டு, வாரத்தில் ஒரு நாள் தபாலுக்குப் போவார்கள். கடையின் முகப்பில் விடுமுறை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், பணம் செலுத்திய சேவையில் புகார் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கெடு முடிவதற்குள் புகார் கொடுங்கள். அதில் தயக்கம் வேண்டாம்.

வேறு நாட்டிலிருந்து வாங்கினால் இறக்குமதி வரியும் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் தனியாக வரலாம். பொட்டலத்தின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள். அது சட்டச் சிக்கல், மாட்டிக்கொள்வது அவர்.

7. என்னென்ன கருவி வேணும்?

வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன், 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, உள்ளே ரோசின் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பற்ற உதவும் பொருள்) இருக்கும் சால்டர் கம்பி, காலை வெட்டும் கட்டர், மல்டிமீட்டர், சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவு போதும். குழாய் ஒட்டுவதற்கு விற்கும் அமில ஃபிளக்ஸை மட்டும் போர்டுக்கு அருகில் கொண்டுவராதீர்கள், தடங்களை அரித்துவிடும்.

முதல் கிட்டுக்கு ஆஸிலாஸ்கோப் தேவையில்லை. ரோமை விற்பவரே எழுதித் தந்தால் அதை எழுதும் புரோகிராமர் கருவியும் வேண்டாம்.

8. ஈயம் கலந்த சால்டர் ஆபத்துன்னு சொல்றாங்களே?

ஈயம் நச்சுதான், ஆனால் உடலுக்குள் போகும் வழி முக்கியமாக வாய். அயர்னின் முனை 350 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஈயம் கொதிப்பது 1700 டிகிரிக்கும் மேலே. ஆகவே எழும் புகை ஈயத்தின் ஆவி அல்ல, ஃபிளக்ஸின் புகை. அதுவும் நுரையீரலை உறுத்தும், ஆஸ்துமாவைத் தூண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சின்ன விசிறி ஒன்றால் புகையை முகத்திலிருந்து விலக்குங்கள். வேலை நடுவில் எதையும் சாப்பிடாதீர்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறு குழந்தைகள் தவழும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

63/37 கலவை (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று இறுகும், பழகுபவருக்கு எளிது. வழக்கமான ஈயமில்லாத கலவைகள் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், மூட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். உங்கள் வீட்டுச் சூழலைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

9. எந்த வரிசையில சால்டர் பண்ணணும்?

உயரம் குறைந்ததிலிருந்து உயர்ந்ததற்கு. ரெசிஸ்டர், டையோடு, ஐசி சாக்கெட், சிறிய கெப்பாசிட்டர், கிரிஸ்டல், கடைசியில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் கனெக்டர்களும். போர்டைக் கவிழ்த்து வைக்கும்போது பாகம் மேசையில் அழுந்தி நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். அதற்கு முன்னால் ஒரு வேலை: பாகங்கள் எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்து, குறைவதை அன்றே விற்பவருக்குத் தெரிவியுங்கள்.

சாக்கெட்டுக்கு முதலில் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களை மட்டும் பற்ற வையுங்கள். போர்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, காடி (ஒரு முனையில் இருக்கும் சிறு பள்ளம்) இருக்கும் பக்கம் சரியா என்று பார்த்த பிறகு மற்ற கால்கள். முனையைக் காலும் தடமும் இரண்டும் தொடும்படி வைத்து, ஒரு நொடி சூடேறவிட்டு, கம்பியை மூட்டில் கொடுங்கள், அயர்னில் அல்ல. மொத்தம் இரண்டு மூன்று நொடி. கிரவுண்ட் கால்கள் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் கூடுதலாக ஒன்றிரண்டு நொடி கேட்கும். டிரை சால்டர், அதாவது சரியாகப் பற்றாத மூட்டு, அதிகமாக விழுவது அங்கேதான்.

10. எதை எந்தப் பக்கமா வைக்கிறதுன்னு குழப்பமா இருக்கு.

ரெசிஸ்டர், பீங்கான் கெப்பாசிட்டர், கிரிஸ்டல் ஆகியவற்றுக்குத் திசை கிடையாது. டையோடில் கோடு இருக்கும் முனை கேத்தோடு. எல்இடியில் நீளமான கால் நேர்மின். எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை போட்ட பக்கம் எதிர்மின். இதைத் திருப்பி வைத்தால் சூடாகி வெடிக்கக்கூடும். ஐசியில் காடி இருக்கும் முனையை மேலே வைத்தால் இடப்பக்க முதல் கால் ஒன்றாம் எண். பலர் தவறவிடுவது ரெசிஸ்டர் நெட்வொர்க்கை: பார்ப்பதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் புள்ளி இருக்கும் முனைதான் பொதுக் கால்.

மதிப்பு விஷயத்தில், கெப்பாசிட்டரில் 104 என்றிருந்தால் 100 நானோஃபாரட். ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1 கிலோ ஓம். மூன்றாவது பட்டை ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம். மஞ்சள் விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்.

11. கட்டி முடிச்சாச்சு. அப்படியே பவர் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சாக்கெட்டுகள் காலியாக இருக்கட்டும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள். விடாமல் ஒலித்தால் எங்கோ ஷார்ட். இல்லையென்றால் சிப் இல்லாமலே பவர் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் பவர் கால்களில் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். இசட்80-க்கு 11-ஆம் கால் 5 வோல்ட், 29 கிரவுண்ட். இதில் பலர் ஏமாறுவார்கள், ஏனென்றால் மற்ற சிப்களில் பெரும்பாலும் மூலைக் கால்கள்தான் பவர்.

சரியாக இருந்தால் பவரை நிறுத்திவிட்டு சிப்களைப் பொருத்துங்கள். புது ஐசியின் கால்கள் சற்று விரிந்தே இருக்கும். பக்கவாட்டில் மேசைமேல் வைத்து மெல்ல அழுத்தி நேராக்கிக்கொள்ளுங்கள். பொருத்துமுன் தரையிணைப்பு உள்ள உலோகப் பொருள் எதையாவது தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கிவிடுவதும் நல்லது.

12. பவர் எல்இடி எரியுது, திரையில ஒண்ணுமே வரல.

அதிகம் வரும் கேள்வி இதுதான். சிப் போய்விட்டது என்று எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் அது இல்லை. முதலில் கண்ணால் பாருங்கள்: சால்டர் செய்யாமல் விட்ட கால், இரண்டு கால்களுக்கு நடுவே பாலம், சாக்கெட்டுக்கு அடியில் மடங்கிப்போன கால், இடம் மாறிய இரண்டு ஒரே அளவு சிப்கள். நல்ல வெளிச்சத்தில் போர்டைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும். ஒவ்வொரு மூட்டையும் திரும்ப ஒருமுறை சூடாக்குவதும் பல போர்டுகளை எழுப்பியிருக்கிறது.

அடுத்தது போர்டை உங்கள் வழக்கமான கணினியோடு பேசவைக்கும் சீரியல் இணைப்பு. போர்டின் அனுப்பும் கம்பி கேபிளின் பெறும் கம்பிக்குப் போக வேண்டும், இரண்டும் குறுக்காக. சோதிக்க எளிய வழி: போர்டிலிருந்து கேபிளைக் கழற்றி, கேபிளின் இரண்டு தரவுக் கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து, உங்கள் கணினியின் டெர்மினல் நிரலில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரும்பி வந்தால் கணினிப் பக்கம் சரி.

அதற்குப் பிறகுதான் செயலி. இசட்80-இல் 6-ஆம் காலில் கடிகாரத் துடிப்பு இருக்க வேண்டும். 26-ஆம் கால் ரீசெட். பொத்தானை அழுத்தும்போது தாழ்ந்து, விட்டதும் 5 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். 16, 17, 24, 25 ஆகிய நான்கும் செயலியை இடைமறிக்கவோ நிறுத்திவைக்கவோ உள்ள கால்கள், பயன்படாத நேரத்தில் உயர்ந்து நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று தாழ்ந்து கிடந்தால் செயலி காத்துக்கொண்டே இருக்கும், அல்லது வழி தவறிப் போகும்.

13. எல்லாம் பார்த்துட்டேன். செயலி உயிரோட இருக்கான்னு தனியா சோதிக்க முடியுமா?

முடியும், அழகான சோதனை அது. ரோம், ராம், தரவுக் கம்பிகளில் இருக்கும் மற்ற சிப்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எட்டுத் தரவுக் கம்பிகளையும் தனித்தனி 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இழுங்கள். இப்போது செயலி எதைப் படித்தாலும் 00 தான் வரும். இசட்80-க்கு 00 என்றால் ஒன்றும் செய்யாமல் அடுத்த முகவரிக்குப் போ என்ற கட்டளை. அது 65,536 முகவரிகளையும் வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கட்டளைக்கு நான்கு துடிப்பு. 7.3728 மெகாஹெர்ட்ஸில் ஒரு நொடிக்குச் சுமார் 28 சுற்று. 5 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓமும் ஒரு எல்இடியும் வழியாக 5-ஆம் காலில், அதாவது மிக உயர்ந்த முகவரிக் கம்பியில் இணைத்தால் எல்இடி சீராக எரியாமல் நடுங்கும். நினைவகப் புதுப்பிப்புக்காக அதே கம்பிகளில் இடையிடையே வேறு எண் வருவதால் முழுதாக அணைந்து அணைந்து எரியாது, நடுக்கம் தெரிந்தால் போதும். 6502-இல் இதே சோதனைக்கு 00 உதவாது. அதன் சும்மா இருக்கும் கட்டளை பதினாறடிமானத்தில் இஏ (EA), ஆகவே சில கம்பிகளை 5 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டும்.

14. எழுத்து வருது, ஆனா எல்லாம் குப்பையா வருது.

நல்ல செய்தி. கணினி ஓடுகிறது, பேச்சின் வேகம்தான் ஒத்துப்போகவில்லை. டெர்மினலில் வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று கையேட்டில் சொன்னபடி வையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கிரிஸ்டலைப் பாருங்கள். 7.3728 என்ற விசித்திர எண் காரணத்தோடு வந்தது: அதை 64-ஆல் வகுத்தால் சரியாக 115,200. கைவசம் இருந்த 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் 125,000 வரும். எட்டு சதவீதத்துக்கும் மேல் விலகலைச் சீரியல் இணைப்பு தாங்காது.

15. யூஎஸ்பி சி போர்டு. பழைய கேபிள்ல ஓடுது, புது சார்ஜர்ல எல்இடியே எரியல. போர்டு போச்சா?

போகவில்லை. இரண்டு முனையும் சி வகையாக இருக்கும் கேபிளில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் மின்சாரம் கொடுக்கும். போர்டில் அதற்கென்று 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்க வேண்டும். சில வடிவமைப்புகளில் அவற்றை விட்டிருப்பார்கள், சிலவற்றில் நீங்கள் சால்டர் செய்ததே பிடிக்காமல் இருக்கும். ஒரு முனை ஏ வகையாக உள்ள கேபிளைப் பயன்படுத்தினால் வேலை நடக்கும். போர்டிலேயே குறை என்றால் விற்பவரிடம் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் திருத்துவார்.

16. பட்டியல்ல 74எச்சிடி இருக்கு, என்கிட்ட 74எச்சி இருக்கு. போடலாமா?

எச்சி, எச்சிடி, எல்எஸ் எல்லாம் 74 வரிசை லாஜிக் சிப்பின் வகைகள். போர்டில் எல்லாமே சிமாஸ் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் தயாரிப்பு முறை) சிப் என்றால் பெரும்பாலும் ஓடும். ஆனால் 74எல்எஸ் சிப்போ அதற்கு முந்தைய என்மாஸ் முறையில் செய்த பழைய செயலியோ அதற்குள் சமிக்ஞை அனுப்பினால் வேண்டாம். எல்எஸ் சிப் உயர்நிலைக்கு உறுதி தருவது 2.7 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் எச்சி சிப் உயர்நிலை என்று ஏற்பதற்கு 3.5 வோல்ட் கேட்கும், எச்சிடிக்கு 2 வோல்ட் போதும். இதன் மோசமான பக்கம் என்னவென்றால், மேசையில் ஓடும், வேறொரு நாள் சூட்டிலோ குளிரிலோ தடுமாறும். தடுமாறும் போர்டில் பிழை தேடுவது செத்த போர்டில் தேடுவதை விடக் கடினம்.

17. மலிவா ஒரு இசட்80 வாங்கினேன். அசலா போலியா எப்படித் தெரிஞ்சுக்கறது?

பழைய சிப்பின் முகத்தைத் தேய்த்து, வேகமான மாதிரியின் எண்ணை அச்சடித்து விற்பது பரவலாக நடக்கிறது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் எழுத்து கரைகிறதா, ஒன்றாம் காலைக் காட்டும் குழிக்குள் கருப்புச் சாயம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிமாஸ் என்று விற்ற சிப் தொட முடியாத அளவு சூடானால் சந்தேகப்படுங்கள்.

நிரலாலும் பிடிக்கலாம். ஆவணத்தில் இல்லாத ஒரு கட்டளை இசட்80-இல் உண்டு, பதினாறடிமானத்தில் இடி (ED) 71. என்மாஸ் சிப் அதற்கு 0 வெளியே அனுப்பும், இசட்80-ஐ உருவாக்கிய சைலாக் நிறுவனத்தின் சிமாஸ் சிப் 255 அனுப்பும். சைலாக் சிமாஸ் என்று எழுதியிருக்கும் சிப் 0 அனுப்பினால் மேலே இருக்கும் எழுத்து பொய்.

18. இசட்80 தயாரிப்பையே நிறுத்திட்டாங்களாமே, இனி வாங்கறதுல அர்த்தம் இருக்கா?

1976-இல் வந்த இசட்80-இன் தனி சிப் வரிசைக்குக் கடைசி ஆர்டர் 2024 ஜூன் மாதத்தோடு முடிந்தது. ஆனால் உலகில் கையிருப்பு ஏராளம், ஒரு கிட்டுக்கு ஒரு சிப்தான் தேவை. வருத்தம் எனக்கும் உண்டு, அவசரம் இல்லை. போலிகள் இனி கூடும் என்பதால் கேள்வி 17-ஐ மனதில் வைத்து, சோதித்துத் தரும் கிட் விற்பனையாளரிடமே செயலியையும் வாங்குங்கள். இது உறுத்தினால் 6502 பக்கம் போகலாம், டபிள்யூ65சி02எஸ் இன்னும் புதிதாகத் தயாராகிறது.

19. வேலை செய்யல. திருப்பி அனுப்பிப் பணம் கேக்கலாமா?

சால்டர் செய்யாத கிட் என்றால் பெரும்பாலோர் ஏற்பார்கள். சால்டர் செய்த பிறகு நியாயமாகக் கேட்கக்கூடியது பழுதான பாகத்துக்கு மாற்று, பிழை தேட உதவி. எழுதும்போது போர்டின் பதிப்பு, முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவான படங்கள், கேள்வி 11, 12-இல் சொன்ன அளவீடுகள் இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். "ஓடவில்லை" என்ற ஒற்றை வரிக்கு யாராலும் உதவ முடியாது. படங்களோடு எழுதினால் பலர் இரவு உட்கார்ந்து பதில் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிப்பை மாற்ற வேண்டியிருந்தால், சாக்கெட் இருந்தால் இரண்டு நிமிட வேலை. நேரடியாகச் சால்டர் செய்திருந்தால் சிப்பைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கால்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். சிப் போனாலும் தடம் பிழைக்கும்.

20. வடிவமைப்புக் கோப்பு இலவசமா கிடைக்குதே, நானே போர்டு அடிச்சு விக்கலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டு. கோப்பு பொதுவில் இருப்பதும் விற்க அனுமதி இருப்பதும் வேறு வேறு. சில உரிமங்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும், சில மாற்றங்களையும் வெளியிடச் சொல்லும். உங்களுக்காக ஒரு போர்டு அடிப்பது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தயாரிப்பகங்கள் பல குறைந்தது ஐந்து அடித்துத் தரும், மீதியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். விற்பதென்றால் உரிமம் அனுமதித்தாலும் வடிவமைத்தவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த போர்டை அவர் வடிவமைப்பதற்கான பணம் இந்தச் சின்ன விற்பனையிலிருந்துதான் வருகிறது.

21. ஒத்தை ஆள் நடத்துற கடை. நாளைக்கு மூடிட்டா என் போர்டு கதி?

இசட்80, நினைவகம், 74 வரிசை எல்லாம் எங்கும் கிடைப்பவை, கவலை வேண்டாம். கிட் வந்த அன்றே சுற்று வரைபடம், கையேடு, ரோம் கோப்பு மூன்றையும் இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது நிரல் ஏற்றிய லாஜிக் சிப் இருக்கும் போர்டுகளில். பல சிப்களின் வேலையை ஒரே ஜிஏஎல் சிப்பில் அடக்கியிருப்பார்கள். அது கெட்டால் வெற்றுச் சிப் வாங்க முடியும், உள்ளே எழுதும் கோப்பு இல்லாமல் பயனில்லை. அந்தக் கோப்பைத் தருவாரா என்பதையும் கேள்வி 5-இன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பணம் அனுப்புமுன் கேட்டுவிடுங்கள்.